மல்லாட்டை மண்டிக்கு மேலே ஒரு காலேஜ்

சகல ஜனங்களுக்கும், முக்கியமாக இன்னும் பிறக்காத என் மகனுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை விழுப்புரம் ஜங்ஷன் டீக்கடைக் கண்ணாடியில், என் மேலுதட்டின் இடது பக்கத்தில் மீசை முளைத்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கறுப்பாக, கொஞ்சம் சாய்வாக, பார்ப்பதற்கு ஒரு காற்புள்ளி போல இருக்கிறது. வலது பக்கம் விண்ணப்பம் போட்டிருக்கிறது, சீக்கிரத்தில் வந்துவிடும். இந்தச் சந்தோஷத்தை முன்னிட்டு யாரும் வாண வேடிக்கை விட வேண்டியதில்லை. டீக்கடைக்காரருக்கு மட்டும் விஷயம் சொன்னேன். "டீக்குக் காசைக் குடுத்துட்டு மீசையை மொளைக்க வைப்பா" என்றார். ரசனை இல்லாத மனிதர்.

மீசை வந்தவன் தகப்பனாகலாம் என்பது ஊர் வழக்கம். ஆகவே மகனே, தகப்பன் என்ற முறையில் என் முதல் வேலையாக உனக்கு இந்தக் கடிதம். உன் அம்மா யாரென்று எனக்கே தெரியாது. அந்தப் புண்ணியவதி இப்போது எந்த ஊரில் யார் தலையில் குட்டிக்கொண்டிருக்கிறாளோ. ஆனால் நீ ஒருநாள் வளர்ந்து ஆளாகி, "எந்தக் காலேஜில் சேரலாம்?" என்று என் முன்னால் வந்து நிற்பாய். அன்றைக்கு நான் தொப்பையும் மறதியுமாகச் சாய்ந்து கிடந்து, "எல்லாம் ஒண்ணுதான் போடா" என்று சொல்லிவிடக்கூடும். அப்படிச் சொன்னால் நம்பாதே. இந்தக் கடிதத்தை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டு. வேறு வீட்டுப் பிள்ளைகள் யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. யுத்த காலம், காகிதம் கிடைப்பதில்லை. அதனால் எங்கள் காலேஜ் நோட்டீஸ்களின் முதுகில் எழுதுகிறேன். முதுகை மட்டும் படி. முகத்தைப் படித்துத்தான் நான் கெட்டேன்.

நான் உட்கார்ந்திருப்பது மெட்ராஸ் பாசஞ்சரின் கடைசிப் பெட்டியில், ஜன்னல் ஓரம். பெட்டியில் நானும் யாரோ விட்டுப்போன ஒரு வெற்றிலைக் காம்பும்தான் இருக்கிறோம். இன்னும் சற்று நேரத்தில் வண்டி கிளம்பும். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, மயிலம் தாண்டித் திண்டிவனம். அங்கே பத்து மணிக்குள் நான் ஒருவனைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் அவன் படிப்பு போய்விடும், என்னால் போய்விடும். சிரிக்காதே. நான் விளையாட்டில்லாமல் பேசிய நாட்கள் கம்மி, அதனால் உனக்குச் சந்தேகம் வருவது நியாயம். ஆனால் இது விளையாட்டில்லை.

அவன் பேர் தேவசகாயம். நாங்கள் சகாயம் என்போம். பிரம்மதேசம் பக்கம் எங்கள் ஊர். எங்கள் கொல்லையில் மல்லாட்டை, அதாவது மெட்ராஸ்காரர்கள் வேர்க்கடலை என்பது, பிடுங்கும் அந்தோணியம்மாளின் ஒரே பிள்ளை. தகப்பன் இல்லை. எங்கள் வீட்டுக்குள் அவன் வந்ததில்லை, வரவிட்டதும் இல்லை. கிணற்று மேட்டில்தான் எங்கள் சிநேகம். அங்கே உட்கார்ந்துதான் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியது அவன் மூளையின் மிச்சத்தில். திண்டிவனம் மிஷன் பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்து, இந்தச் சித்திரையில் எல்லாரையும்விட மேலாகத் தேறிவிட்டான். பாதிரியார் மெட்ராஸுக்கு எழுதிப் போட்டு, ஒரு பெரிய காலேஜில் இண்டர்மீடியட் வகுப்பில் அவனுக்கு இடம் வாங்கியிருக்கிறார். சாப்பாடு, தங்கல், புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அப்படிப்பட்ட இடத்தை இன்றைக்குக் காலை பத்து மணிக்குப் பாதிரியார் வீட்டுக்குப் போய் "வேண்டாம்" என்று சொல்லப்போகிறான். சொன்ன உடனே பாதிரியார் அடுத்த பையன் பேரை எழுதிக்கொண்டு மெட்ராஸுக்கு வண்டி ஏறிவிடுவார். அவ்வளவுதான். ஏன் வேண்டாம் என்கிறான் தெரியுமா? நான் படிக்கும் காலேஜில் சேர்வதற்காக.

நான் எப்படி இங்கே சேர்ந்தேன் என்று சொன்னால்தான் உனக்குப் புரியும். உன் தாத்தா, அதாவது எங்கள் நைனா, கண்டாச்சிபுரம் சந்தையில் மாடு பிடிப்பதில் பேர் போனவர். பல்லைப் பார்ப்பார், குளம்பைத் தட்டுவார், சுழி பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார். அவர் பிடித்த மாடு ஒன்றுகூட நடு வயலில் படுத்ததில்லை. அதே கண்ணோடு போன வருஷம் எனக்குக் காலேஜ் பிடிக்க விழுப்புரம் வந்தார். ஸ்டேஷனுக்கு எதிரே, மல்லாட்டை மண்டிக்கு மேல் மாடியில் காலேஜ். நைனா முதலில் சுவரைத் தட்டினார். பெஞ்சை ஆட்டினார். ஜன்னல் கம்பியை இழுத்தார். அப்புறம் தலைப்பாகையும் கோட்டுமாக நின்ற பிரின்சிபாலைப் பார்த்து, "சார், அந்தாண்ட அந்தக் கரும்பலகை வரைக்கும் நடந்து போய் வாங்க, பசங்க எங்க குந்துறாங்கன்னு பாக்கணும்" என்றார். அந்த மனிதரும் நடந்தார். நைனா பலகையைப் பார்க்கவே இல்லை. அவர் காலைத்தான் பார்த்தார். என் காதில், "கால் சுத்தமா இருக்குதுடா. வளைஞ்சி நடக்கல. நல்ல எடம்" என்றார்.

அதற்குமேல் நடந்ததை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். பிரின்சிபால் வெள்ளைக்காரப் பாணியில் கைகுலுக்கக் கையை நீட்டினார். நைனா சட்டென்று தோள் துண்டை எடுத்து அந்தக் கையின் மேல் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து அமுக்க ஆரம்பித்துவிட்டார். மாட்டுச் சந்தையில் அப்படித்தான் விலை பேசுவது, பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் இருக்க. பிரின்சிபால் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவருக்கு வழக்கம் தெரியாது, கூச்சமோ பயமோ, தலையைத் தலையை ஆட்டினார். நைனா, "முடிஞ்சிதுடா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என் படிப்புக்குக் கட்ட வேண்டிய சம்பளம் குறைந்துவிட்டதாக அவர் நம்பினார். குறையவில்லை என்பது வேறு கதை.

படி இறங்கும்போது மட்டும் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "டேய், எல்லாம் செரி. இது சர்க்காருக்குத் தெரிஞ்ச எடம்தானா?" மகனே, கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்து வாசற்படி மிதிக்காத மனுஷர் அதைக் கேட்டார். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய நான் என்ன சொன்னேன்? "தெரியாம இருக்குமா நைனா? ஸ்டேஷனுக்கு எதிர்லயே இருக்குதே! சர்க்கார் ரயில்ல போறப்போ பாத்துக்கினேதான் போவும்." நைனா வாய்விட்டுச் சிரித்தார். என் வாய்ச்சாமர்த்தியத்தில் அவருக்குப் பெருமை. கேள்வி அந்தச் சிரிப்பிலேயே கரைந்து போயிற்று. சிரிக்க வைக்கிற பதிலைக் கேட்டால் உடனே சட்டைப் பையைத் தடவிப் பார், எதையோ திருடிக்கொண்டு போயிருக்கும்.

காலேஜ் நன்றாகத்தான் நடந்தது. அதைச் சொல்லாமல் இருக்க மாட்டேன். கீழே மண்டியில் மல்லாட்டை அளக்கிறவன் முதல் மரக்காலுக்கு "லாபம்" என்று நீட்டி முழக்குவான். மேலே பிரின்சிபால் தர்க்க சாஸ்திரத்தில் "ஆகவே இதிலிருந்து நாம் அடைவது என்ன?" என்பார். கீழேயிருந்து "லாபம்!" என்று வரும். வகுப்பே உருளும். அவரும் சிரிப்பார். மண்டியின் வாசனையில் எங்கள் மண்டை வளர்ந்தது. இங்கிலீஷ், சரித்திரம், தர்க்கம் மூன்றும் அவர் சொல்லிக்கொடுத்ததுபோல் யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. பட்டம் வாங்கப் போகிறோம் என்று நாங்களும் பறந்தோம். நூல் யார் கையில் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

லீவுக்கு ஊருக்குப் போனால் கிணற்று மேட்டில் எனக்குத் தர்பார். சகாயம் கேட்கக் கேட்க நான் அளப்பேன். எங்கள் காலேஜில் பெரிய லைப்ரரி என்றேன், இருப்பது ஓர் அலமாரி. யூனிவர்சிட்டியிலிருந்து பெரிய பெரிய துரைகள் வந்து பார்த்து மெச்சினார்கள் என்றேன், வந்தது மண்டி முதலாளியின் மச்சான். போன மாதம் அவன் ஒரு கேள்வி கேட்டான்.

"டேய், மெட்ராசு காலேஜுல குடுக்கற இண்டர்மீடியட்டும் உங்க காலேஜுல குடுக்கறதும் ஒண்ணா?"

"ஒண்ணுதான்டா. அங்க கடல் காத்து, இங்க மல்லாட்டக் காத்து. அவ்ளோதான் வித்தியாசம்."

அவன் சிரிக்கவில்லை. ஒரு மல்லாட்டையை உடைத்துப் பருப்பை என் கையில் வைத்தான். "எங்கம்மாவுக்குக் கண்ணு மங்கிப் போச்சிடா. சாயந்திரத்துல கெணத்தாண்ட தடவிக்கினு நடக்குது. நான் மெட்ராசு பூட்டா ரெண்டு வருசம் அது தனியா இன்னா பண்ணும்? விழுப்புரம்னா வாரா வாரம் வந்துரலாம். நீ சொல்றதப் பாத்தா ரெண்டும் ஒண்ணுன்னா, நான் உன்னாண்டயே வந்துர்றேன்டா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளியில் முதலாவதாகத் தேறியவன் என் காலேஜுக்கு வருகிறான்! "வாடா ராஜா" என்று தோளில் தட்டினேன். அது தட்டு இல்லை, தள்ளு. இப்போது தெரிகிறது.

ஒரு நிமிஷம். இந்த வரி கோணலாகிவிட்டது, மன்னித்துக்கொள். பெட்டி ஒரு குலுக்குக் குலுங்கியது.

விஷயம் எப்படி வெளிப்பட்டது தெரியுமா? போன வாரம் கடலூரில் ஒரு காலேஜ் மைதானத்தில் பந்தாட்டப் போட்டி. காலேஜ்களுக்குள் போட்டி என்று கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமலே நாங்களும் ஒரு கட்சி சேர்த்துக்கொண்டு போனோம். அங்கே விளையாட்டு வாத்தியார் எங்களைப் பார்த்தார். "எந்தக் காலேஜ் தம்பி?" என்றார். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "அது யூனிவர்சிட்டியில் சேர்ந்த காலேஜ் இல்லையே. உங்களைச் சேர்த்துக்க முடியாதுப்பா" என்றார். நான் விடுவேனா? "நாங்க ஆட வந்தோம் சார், சேர வரலியே!" என்றேன். சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக ஒரு வேப்ப மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"பரீட்சை எங்கே எழுதுவீங்க தம்பி?"

"எங்க காலேஜ்லயேதான் சார்."

"கேள்வித்தாள் யார் தயார் பண்ணுவாங்க?"

"பிரின்சிபால் சார்."

"திருத்துறது?"

"அவரேதான் சார்."

"பட்டம் குடுக்கறது?"

அப்போதுதான் மகனே, வேடிக்கை எதுவும் கலக்காமல் "யார் சார் குடுக்கணும்?" என்று கேட்டேன். பிறந்ததிலிருந்து முதல் தடவை. அவர் மெதுவாகச் சொன்னார். காலேஜ் பாடம் சொல்லலாம், ஆனால் பரீட்சை நடத்திப் பட்டம் தருவது யூனிவர்சிட்டி. யூனிவர்சிட்டி ஆட்களை அனுப்பி, இடம், வாத்தியார்கள், புத்தகங்கள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சரியென்றால்தான் ஒரு காலேஜைத் தன்னோடு இணைத்துக்கொள்ளும். இணைக்காத காலேஜில் எத்தனை வருஷம் படித்தாலும் அதன் பரீட்சையில் உட்கார முடியாது. வேறு காலேஜுக்கு மாறிப் போனாலும், படித்த வருஷத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். "நீ ஒரு வருஷம் நல்ல புஸ்தகம் படிச்சிருக்கேன்னு வச்சுக்கோ தம்பி" என்று சொல்லி என் முதுகைத் தடவினார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இணைப்பு என்றால் என்ன என்று உனக்கு இன்னும் விளங்காவிட்டால், என்னிடமே ஒரு உதாரணம் இருக்கிறது. விழுப்புரம் ஜங்ஷனில் உன் அப்பனுக்குத் தெரியாத பெட்டி இல்லை, தெரியாத சத்தம் இல்லை. எஞ்ஜின் வந்து முட்டுவது ஒரு சத்தம், கொக்கி மாட்டுவது ஒரு சத்தம், கழற்றுவது வேறு சத்தம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தெற்கேயிருந்து வரும் வண்டிகளில் சில நாள் கடைசிப் பெட்டியை இங்கே கழற்றிவிட்டு, வேறு ஊர் வண்டியில் மாட்டுவார்கள். வகுப்பில்லாத நாட்களில் அப்படிக் கழற்றி நிற்கும் பெட்டியின் பக்கத்தில் நான் நிற்பேன். யாராவது மூட்டையோடு வேர்த்து விறுவிறுத்து வந்து, "தம்பி, இந்தப் பெட்டி மெட்ராசு போவுமா?" என்பார்கள். "போவாம? ஜல்தியா ஏறிக் குந்துங்க, ஜன்னல் ஓரம் காலியா இருக்குது!" என்பேன். ஒரு மண்டித் தரகர் ஏறி, புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து, "இன்னாப்பா, மயிலம் வந்துட்டுதா?" என்று கேட்டார். கொக்கி மாட்டும் கோவிந்தன் அண்ணன் என்னைத் துரத்திக்கொண்டு வந்தார். "பேஜாரு புடிச்ச பையா! ஜனங்க வவுத்தெரிச்சல கொட்டிக்காதடா!" என்று கத்தினார். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் படுத்தேன்.

நினைத்துப் பார் மகனே. அந்தப் பெட்டியில் என்ன குறை? பலகை இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, சக்கரம் இருக்கிறது, பக்கத்தில் பேச்சுத் துணைகூட இருக்கிறது. உள்ளே உட்கார்ந்தவனுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். முன்னால் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று இறங்கிப் போய்ப் பார்த்தவனுக்குத்தான் விஷயம் தெரியும். பெட்டிக்குள் இருப்பவனைக் கேட்டுப் பிரயோஜனமில்லை, அவனும் உன்னைப்போல் டிக்கெட் வாங்கியவன். காலேஜைப் பற்றிக் காலேஜிலேயே கேட்காதே. அங்கே படிக்கும் என்னைப்போன்ற அளப்பானிடம் கேட்கவே கேட்காதே. யூனிவர்சிட்டியைக் கேள், மெட்ராஸுக்கு நடந்தே போக வேண்டியிருந்தாலும் போய்க் கேள். இதற்கு முன்னால் அங்கே படித்து முடித்தவன் இப்போது எங்கே, என்ன வேலையில் இருக்கிறான் என்று தேடிப் பார். எங்கள் காலேஜில் முடித்தவன் ஒருவனாவது உண்டா என்று நான் யோசித்ததே இல்லை.

கடலூரிலிருந்து திரும்பியதும் நேரே பிரின்சிபாலிடம் போனேன்.

"சார், யூனிவர்சிட்டி சேர்ப்பு வந்துட்டுதுங்களா?"

"வந்துகொண்டே இருக்கிறதப்பா."

"போன வருஷமும் வந்துக்கினுதான் இருந்ததுங்களாம். கால்நடையா வருதுங்களா சார்?"

சண்டைக்குத்தான் போனேன். ஆனால் அவர் தலைப்பாகையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அன்றைக்குத்தான் அவர் தலையைப் பார்த்தேன், முழு வழுக்கை. "லைப்ரரி போதாது என்றார்கள். சொந்தக் கட்டடம் வேண்டும் என்றார்கள். மண்டிக்கு மேலே காலேஜ் நடத்தக் கூடாது என்றார்கள். அடுத்த வருஷம் எப்படியும் ஆகிவிடும் என்று நினைத்தேனப்பா" என்றார்.

"எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னால் நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் வராமல் எப்படிக் காலேஜ் ஆகும்?"

தர்க்க சாஸ்திரம் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்த வட்டத்திலிருந்து வெளியே வர அவருக்கும் வழி தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மண்டியில் அளக்கிறவன் "லாபம்" என்றான். இருவரும் சிரிக்கவில்லை. அவர் திருடன் இல்லை மகனே. அதுதான் பயங்கரம். திருடனாக இருந்தால் முகத்தைப் பார்த்தே நைனா கண்டுபிடித்திருப்பார். நல்ல மனுஷர், நல்ல வாத்தியார், கால் சுத்தம், சுழி சுத்தம். ஆனால் "கேட்டிருக்கிறோம்" என்பதை "கிடைத்துவிட்டது" மாதிரியே நினைத்து நினைத்துக் கடைசியில் அவரே நம்பிவிட்டார். இப்படிப்பட்டவர்களிடம்தான் நீ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "வரப்போகிறது" என்று சொன்னால், வந்த பிறகு சேர்கிறேன் ஐயா என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கு. அவர் முகம் வாடினாலும் இறங்கு.

என் வருஷம் போனது போகட்டும், வீட்டில் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நேற்று நைனா மல்லாட்டை மூட்டைகளோடு மண்டிக்கு வந்தார். வண்டியில் நின்றபடியே மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"டேய்! சேதி தெரியுமா? உன் சேக்காளி சகாயமும் இங்கயே வர்றானாம்! நாளைக்குப் பத்து மணிக்குப் பாதிரியாரு ஊட்டுக்குப் போயி மெட்ராசு வாணாம்னு சொல்லிட்டு வந்துருவானாம். அந்தோணியம்மா அழுவுது, ஆனந்தத்துல. 'எங்க சின்ன ஐயா இல்லன்னா எம்புள்ள கண்காணாத சீமைக்குப் போயிருக்கும்'னு எங்கிட்ட கையெடுத்துக் கும்புட்டுச்சிடா!"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நைனா" என்றேன்.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்ல நைனா. மாடு எளைச்சிருக்குது."

"உன் கண்ணுதான் எளைச்சிருக்குது" என்று சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். வண்டி மூலை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். உலகத்தில் எதற்கெல்லாமோ வாய் திறந்த நான், அதற்கு மட்டும் திறக்கவில்லை. தந்தி கொடுக்கலாமென்றால், எங்கள் ஊரில் தந்தி வந்தால் படிப்பதற்கு முன்னாலேயே ஒப்பாரி வைத்துவிடுவார்கள். ஆகையால் நானே நேரில் போகிறேன். பாதிரியார் வீட்டு வாசலில் நின்று, அவன் வரும்போது கையைப் பிடித்து நிறுத்தி, முகத்துக்கு நேராகச் சொல்லப்போகிறேன். எப்படிச் சொல்வது என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். முதலில் ஒரு வேடிக்கை சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு அப்புறம்... இல்லை, அது வேண்டாம். சிரிக்க வைத்துத்தான் இவ்வளவும் ஆயிற்று. அவன் அம்மாவைப் பற்றி என்ன சொல்வது? நான் சாயந்திரத்தில் கிணற்றுக்குத் துணை போகிறேன், தண்ணீர் மொண்டு கொடுக்கிறேன், நீ போடா என்று சொல்லலாம். எப்படியும் இந்த வருஷம் எனக்கு வேறு காலேஜ் இல்லை, கிணற்று மேடுதான். நைனா என்ன சொல்வார் என்று தெரியாது. ஊர் என்ன சொல்லும் என்று தெரியும். சொல்லட்டும்.

மகனே, மயிலம் மலை இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. உண்மையில் டீக்கடைதான் தெரிகிறது. அதே டீக்கடை. ஜன்னலுக்கு வெளியே கோவிந்தன் அண்ணன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். என்னைப் பார்த்துப் பவ்யமாகக் குனிந்து கேட்கிறார்:

"ஐயா, இந்தப் பெட்டி மெட்ராசு போவுமா?"

நான் காகிதத்தின்மேல் குனிந்துகொண்டேன்.

"குந்து ராசா, நல்லா சாஞ்சி குந்து. மத்தியானம் காட்பாடி வண்டியில மாட்டுவேன். திருவண்ணாமலையில எறங்கி சாமி கும்டுக்கினு வா."

சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு இடத்தில் எழுத்து கோணலாயிற்றே, பெட்டி குலுங்கியது என்று எழுதினேனே, அது கொக்கி கழன்ற சத்தம். ஜங்ஷனில் எனக்குத் தெரியாத சத்தம் இல்லை என்று பீற்றிக்கொண்டேன் அல்லவா, அந்தப் பீற்றல் நிஜம். நிஜமாக இருப்பதுதான் கேவலம். அப்போதே எனக்குத் தெரியும். மெட்ராஸ் பாசஞ்சர் என்னை விட்டுவிட்டு நகர்ந்து போனதை இந்த ஜன்னல் வழியாகவே பார்த்தேன். குதித்து ஓடியிருந்தால் தொற்றிக்கொண்டிருக்கலாம். உட்கார்ந்து கடலூர்க் கதை எழுதினேன். உனக்குப் புத்தி சொன்னேன். சகாயத்தின் முகத்தைப் பார்த்து "நான் சொன்னதெல்லாம் அளப்புடா" என்று ஒரு வரி சொல்வதைவிட, முகமே இல்லாத உனக்குப் பக்கம் பக்கமாக எழுதுவது சுலபமாக இருந்தது. அவ்வளவுதான் உன் அப்பனின் தைரியம்.

கோவிந்தன் அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். முதல் ஆளாக அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கதவைத் திறந்து, "அட முண்டமே, கீழ எறங்குடா! ஸ்டாண்டுல திண்டிவனம் கரி பஸ்ஸு இன்னும் அடுப்புப் பத்திக்காம நின்னுக்கினு இருக்குது. ஓடு! நடுவுல நின்னா எறங்கித் தள்ளு!" என்று கத்துகிறார். யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரி அடுப்பில்தான் ஓடுகிறது. பத்து மணிக்குப் போய்ச் சேருமா என்றால் சேரலாம், சேராமலும் போகலாம். சேராவிட்டால் பாதிரியார் ஏறும் வண்டிக்கு முன்னால் தண்டவாளத்தில் படுத்துக்கொண்டாவது சொல்வேன். இது அளப்பா நிஜமா என்று எனக்கே தெரியவில்லை, போனால்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று. வேர்த்துக் கொட்டிற்று, துண்டால் முகத்தைத் துடைத்தேன். இடது பக்கத்து மீசை துண்டோடு வந்துவிட்டது. எஞ்ஜின் கரி. ஆகையால் மகனே, நான் உனக்கு இன்னும் தகப்பன் ஆகவில்லை. சகாயத்திடம் சொல்லிவிட்டு வந்து ஆகிறேன்.